முதல் நாவலை விற்பது எப்படி: ஒப்பந்தம் தொடங்கி மறுபதிப்பு வரை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புழுங்கல் அரிசி ஆலையையும் அதன் களத்தில் நெல் துழாவிய பெண்களையும் பற்றி நான் எழுதிய முதல் நாவல் 256 பக்கம்; விலை 320 ரூபாய்; முதல் அச்சு 300 பிரதிகள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதுவது என் பிழைப்பு என்பதால், ஒவ்வொரு பிரதியும் யாரிடம் போனது, எப்படிப் போனது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பதினோரு மாதத்துக்குப் பின் அந்த நோட்டைப் புரட்டியபோது, நான் அதிகம் அலைந்த இடங்களில் குறைவாகவும், அலையத் தோன்றாத இடங்களில் அதிகமாகவும் நூல் விற்றிருந்தது தெரிந்தது. முதல் நாவலை வெளியிடப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பயன்படும் என்பதால், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கையெழுத்திடுவதற்கு முன்

விற்பனை ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது. தமிழில் புதியவர்களுக்குப் பல பதிப்பகங்கள் ஒப்பந்தமே தருவதில்லை. தொலைபேசியில் ‘பார்த்துக்கலாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், ஆகவே கேளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அச்சட்டமே கொள்கிறது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதல் நாவல்தானே, யார் படமெடுக்கப் போகிறார்கள் என்ற தன்னடக்கம் ஒப்பந்தத்தில் வேண்டாம்.

விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஆசிரியருக்குக் கிடைக்கும் ராயல்டி பொதுவாக நூலின் விலையில் பத்து விழுக்காடு. அதைவிட முக்கியமான இரண்டு வரிகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு தரப்படும் என்பது ஒன்று. நீங்களே பிரதிகள் வாங்கினால் எவ்வளவு கழிவு என்பது மற்றொன்று. எனக்கு 35 விழுக்காடு கழிவு எழுதப்பட்டது. அதாவது ஒரு பிரதி 208 ரூபாய். இலவசமாகப் பத்து ஆசிரியர் பிரதிகள் கிடைத்தன.

உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருகிறவர்களிடம் போவதானால், அது அச்சு வேலை என்ற தெளிவோடு போங்கள். அங்கே விற்பனை முழுவதும் உங்கள் பொறுப்பு. அத்தகைய ஒருவர், நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்று என்னிடம் சொன்னார். கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகவே தருகிறது. அந்த ஒரு வரியோடு நான் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

2. முதல் பட்டியல்

நூல் அச்சுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னரே ஒரு பட்டியல் போட வேண்டும். நான் போட்ட முதல் பட்டியலில் எழுத்தாளர்கள், சிற்றிதழ் ஆசிரியர்கள், முகநூலில் நூல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் என்று எழுபது பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நூலை வாங்கவில்லை. அதில் அவர்கள் தவறு எதுவுமில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் படிக்காத புதிய நாவல்கள் இருபதாவது இருக்கும், அவற்றில் பாதி அன்பளிப்பாக வந்திருக்கும்.

இரண்டாவது பட்டியலைப் போடத் தூண்டியவர் என் மாமா. நெல் வியாபாரத்தில் முப்பது ஆண்டு இருந்தவர். ‘மாப்ள, மில்லுக்காரன் எவனுக்காவது சொன்னியா?’ என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆலை முதலாளிகள், பாய்லர் ஓட்டியவர்கள், எடை போட்டவர்கள், உலர்த்தும் இயந்திரம் வந்தபின் களத்தை விட்டுத் திருப்பூருக்குப் போன குடும்பங்கள், அந்தக் குடும்பங்களில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் என்று மாமாவின் கைப்பேசியிலிருந்தே நாற்பது எண்கள் கிடைத்தன. நாவலின் களம் எதுவோ அதுவே அதன் முதல் சந்தை என்பதை அந்த நாற்பது எண்கள்தான் எனக்குக் கற்பித்தன. செவிலியரைப் பற்றி எழுதியிருந்தால் செவிலியர் சங்கம், மீனவர் குப்பத்தைப் பற்றியென்றால் அந்தக் கடற்கரை, தட்டச்சுப் பயிலகத்தைப் பற்றியென்றால் அங்கே ஹையர் பாஸ் செய்த ஒரு தலைமுறை முழுவதும் உங்கள் பட்டியலில் வர வேண்டும். இவர்களில் பலர் இலக்கியம் வாங்குகிறவர்களாக இருக்க மாட்டார்கள். தங்கள் வாழ்க்கை அச்சில் வந்திருக்கிறது என்பதற்காக வாங்குவார்கள்; அதுவும் ஒன்றுக்கு மூன்றாக வாங்குவார்கள்.

3. அட்டையும் பின்னட்டையும்

முன்னட்டையைப் பதிப்பகத்தின் வடிவமைப்பாளரிடம் விட்டுவிடலாம். தலைப்பு கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நக அளவில் தெரியும்போதும் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். விற்பனையில் பெரும்பகுதி இப்போது அந்த அளவில்தான் தொடங்குகிறது. பின்னட்டைக்கு நேரம் ஒதுக்குங்கள். மூத்த எழுத்தாளர் ஒருவரின் பாராட்டை மட்டும் அச்சிட்டு, கதை எங்கே நடக்கிறது, யாருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது தமிழ் நாவல்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பாராட்டைப் படித்து முடித்த வாசகருக்கு நூலைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. இடம், காலம், ஒரு மனிதர், ஒரு சிக்கல் ஆகிய நான்கும் ஐந்து வரிக்குள் வந்துவிட்டால் பின்னட்டை தன் வேலையைச் செய்கிறது.

4. முன்பதிவும் பொட்டலமும்

முன்வெளியீட்டுத் திட்டம் இணையத்தோடு வந்த புதுமை என்று சிலர் நினைக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோதே, நூல் வெளிவருவதற்கு முன் வாங்க இசைந்தவர்களிடம் கையொப்பம் பெற்றுத்தான் செலவைச் சமாளித்தார். நமக்குக் கூகுள் படிவமும் கியூஆர் கோடும் இருக்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு.

முன்பதிவை மூன்று வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நூல் கையில் கிடைக்கும் தேதியை அச்சகத்தில் உறுதிசெய்த பிறகே பணம் வாங்குங்கள். நான் தபால் செலவு உட்பட 290 ரூபாய் என்று அறிவித்தேன். 62 பேர் பணம் அனுப்பினார்கள். தினமும் அறிவிப்பைப் போட்டுக்கொண்டிருந்தால் நண்பர்கள்கூட ஸ்டேட்டஸைப் பார்க்காமல் தள்ளிவிடுவார்கள் என்பதால், வாரம் இரண்டு முறை, அதுவும் நாவலிலிருந்து ஒரு பத்தியோடு போட்டேன். பத்தி இல்லாத அறிவிப்புகளுக்கு விருப்பக்குறி நிறைய விழுந்தது. பத்தியோடு போட்டவற்றுக்கே பணம் வந்தது.

இனி அனுப்பும் வேலை. குறைந்த கட்டணத்தில் நூல்களை அனுப்பப் பயன்பட்டுவந்த பதிவு நூல் அஞ்சலை இந்திய அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. சிறு பதிப்பாளர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற நூல் அஞ்சல் சேவை வந்தது. அதில் 300 கிராம் வரை 20 ரூபாய், 500 கிராம் வரை 25 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இந்த 300 கிராம் எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள (70 ஜிஎஸ்எம்) தாளில், நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் அச்சான 256 பக்க நூல், அட்டையோடு 290 கிராம் அளவுக்கு வரும். நான் முதல் பொட்டலத்தை அட்டைத்தாள் வைத்துக் கட்டி, ஆசையாக ஒரு நூல்குறியும் செருகி, மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது 334 கிராம் காட்டியது. அட்டைத்தாளை எடுத்தால் மூலை மடங்கும்; எடுக்காவிட்டால் அடுத்த கட்டணப் படி. அட்டைத்தாளை எடுக்க மனம் வரவில்லை. மூலை மடங்கிய நூலைப் பெற்றவர் அதைப் படம் பிடித்துப் போடுவார் என்ற அச்சமும் ஒரு காரணம்.

இப்போது பணத்தைப் பாருங்கள். 290 ரூபாயில் பதிப்பகத்துக்கு 208, தபாலுக்கு வரியோடு ஏறக்குறைய 30, பொட்டலத்துக்கு 8 போனால் என் கையில் நிற்பது 44. அதே பிரதியைப் பதிப்பகமே விற்றிருந்தால் எனக்கு ராயல்டி 32. இரவு முழுக்கத் தரையில் உட்கார்ந்து முகவரி ஒட்டி, மறுநாள் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றதற்கு ஒரு பிரதிக்குப் பன்னிரண்டு ரூபாய் கூலி. பிறகு ஏன் நேரடியாக விற்க வேண்டும் என்றால், வாங்கியவரின் பெயரும் எண்ணும் உங்களிடம் இருக்கும் என்பதற்காகத்தான். கடையில் வாங்கியவர் யாரென்று உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. நூல் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து அந்த 62 பேருக்கும் தனித்தனியாக, படித்தீர்களா என்று கேட்காமல், நூல் நல்ல நிலையில் கிடைத்ததா என்று மட்டும் கேட்டு எழுதினேன். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். அவர்களில் பதினொரு பேர் படித்துவிட்டதைத் தாமாகவே சொன்னார்கள்.

5. வெளியீட்டு விழா

விழா வேண்டுமா என்று கேட்டால், ஊரில் ஒரு முறை வேண்டும் என்பேன். சென்னையில் செய்தால்தான் மதிப்பு என்ற எண்ணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பதாகை, தேநீர், சுண்டல், பொன்னாடை என்று சிறிய விழாவுக்கே, முதல் பதிப்பில் கிடைக்கக்கூடிய ராயல்டி முழுவதும் கரைந்துவிடும். ஆகவே பள்ளிக்கூட அரங்கு, நூலக வாசகர் வட்டம், சங்கக் கட்டடம் என்று வாடகையில்லாத இடத்தைத் தேடுங்கள். பேச்சாளர்கள் மூவர் போதும். அவர்களில் ஒருவர் இலக்கியத்துக்கு வெளியே, நாவலின் களத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். என் விழாவில் களத்தில் இருபது ஆண்டு நெல் துழாவிய அம்மா ஒருவர் நான்கு நிமிடம் பேசினார். அன்று விற்ற 41 பிரதிகளில் பாதி அந்த நான்கு நிமிடத்தின் விளைவு என்றே நினைக்கிறேன்.

பேச்சாளர்களுக்கு நூலை ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். முடிவைச் சொல்ல வேண்டாம் என்று மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கத் தயங்கினேன். ஒருவர் கடைசி அத்தியாயம் வரை கதையை முழுவதுமாகச் சொல்லிவிட்டு, ‘மீதியை நூலில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்தார். விற்பனை மேசையை மேடைக்குப் பக்கத்தில் போடாமல் வெளியேறும் வழியில் போடுங்கள். சில்லறையும் கியூஆர் கோடும் வைத்துக்கொண்டு கணக்குத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் அந்த வேலையைப் பார்க்கக் கூடாது. நூலாசிரியரே சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால் கையெழுத்துக் கேட்க வந்தவர் சங்கடப்பட்டு நகர்ந்துவிடுவார்.

6. மதிப்புரைக்கு அனுப்புதல்

இருபது பிரதிகள் அனுப்பினோம். நான்கு மதிப்புரைகள் வந்தன. இதைக் குறைவென்று சொல்ல மாட்டேன். நாளிதழ்களின் நூல் பகுதிகளுக்கும் இலக்கிய இதழ்களுக்கும் முன்கூட்டியே சிறு கடிதம் எழுதி, அவர்கள் விரும்பினால் மட்டும் பிரதி அனுப்புவது நல்லது. பிடிஎஃப் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். மிக நம்பிக்கையானவருக்கு அனுப்பியதே மூன்று கை மாறி டெலிகிராமுக்கு வந்துவிடும். பிறகு அதை அகற்றக் கோருவதே தனி வேலையாகிவிடும். மதிப்புரை வந்ததும் நன்றி மட்டும் சொல்லுங்கள். குறை சொல்லியிருந்தாலும் விளக்கம் எழுத வேண்டாம். ஒரு மதிப்புரையாளர் என் நாவலின் நடுப்பகுதி தொய்வாக இருப்பதாக எழுதியிருந்தார். இரவு பன்னிரண்டு மணிக்கு மூன்று பத்தியில் மறுப்பு எழுதி, காலையில் அழித்தேன்.

7. புத்தகக் காட்சி

1977-இல் தொடங்கி, இப்போது பொங்கலையொட்டி நந்தனம் ஒய்எம்சிஏ திடலில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை மையமாக வைத்தே தமிழ்ப் பதிப்புலகம் தன் ஆண்டைத் திட்டமிடுகிறது. அதனால் டிசம்பர் கடைசியில் புதிய நூல்கள் குவிகின்றன. என் நாவலும் அந்தக் குவியலில்தான் வந்தது. பதிப்பக அரங்கில் மொத்தம் 23 பிரதிகள் விற்றன. கடைசி வாரத்தில் அதே அரங்கில் இன்னும் புதிய மூன்று நாவல்கள் வந்து சேர, என் நூல் மேசையிலிருந்து அலமாரிக்கு ஏறி, முதுகு மட்டும் தெரியும்படி நின்றது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து மீண்டும் மேசையில் வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாள் போனபோது அது மறுபடி அலமாரியில் இருந்தது.

முதல் நாவலை ஜூன், ஜூலையில் கொண்டுவரலாம் என்பது என் கருத்து. ஈரோடு, கோவை போன்ற ஊர்களின் புத்தகத் திருவிழாக்கள் ஆண்டின் நடுப்பகுதியில் நடக்கின்றன. மாவட்டந்தோறும் அரசு ஆதரவோடு நடக்கும் காட்சிகளும் பெருகிவிட்டன. அங்கே கூட்டம் அவசரமில்லாமல் நகர்கிறது. உள்ளூர் எழுத்தாளர் என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பும் உண்டு.

எங்கள் மாவட்டக் காட்சியில் மூன்று மாலைகள் அரங்கில் நின்றேன். நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நூலைக் கையில் எடுத்தவரிடம் உடனே ‘நான்தான் எழுதியது’ என்று சொல்லக் கூடாது. அவர் வாங்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகி, நூலை வைத்துவிட்டு ஓடிவிடுவார். ஓர் அம்மா பின்னட்டையைப் படித்தார். பிறகு நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றபடியே முழுப் பக்கத்தையும் படித்தார். அரங்குப் பையன் என்னைக் கைகாட்டிவிட்டான்.

‘நீங்க எழுதுனதா தம்பி? களத்துல கால் சுட்டிருக்கா உங்களுக்கு?’

‘எனக்கில்லீங்கம்மா. எங்க அம்மாவுக்குச் சுட்டிருக்கு.’

அவர் பத்து விழுக்காடு கழிவு போக 288 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மறுநாள் தன் அக்காவையும் அக்கா மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். என் நோட்டில் அந்தக் காட்சியும் மாமாவின் நாற்பது எண்களும் சேர்ந்து 88 பிரதிகள். எனக்கு முன்பின் தெரியாதவர்கள் பெருமளவில் வாங்கியது இந்த வழியில்தான்.

8. நூலகமும் மின்னூலும்

பொது நூலகத் துறை கொள்முதலுக்குப் பதிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும்; அறிவிப்பு வரும் நாளைக் கவனித்து அவருக்கு நினைவூட்டுவது உங்கள் வேலை. ஆணை கிடைத்தால் அதுவே முதல் பதிப்பைவிடப் பெரிய எண்ணிக்கையாக அமையக்கூடும். ஆனால் அதை நம்பி முன்கூட்டியே அச்சிட வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்பியாக வேண்டும். அனுப்பினாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்களுக்கு இடம் உண்டு. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமென்றால் அதன் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் தொண்ணூறு நாட்களுக்கு மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. அதே நாவலைத் தொடராக வேறு செயலியில் போட்டிருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சு நூல் வந்து ஆறு மாதம் கழித்து மின்னூல் வெளியிட்டால், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் தபால் செலவுக்கு அஞ்சாமல் வாங்குவார்கள்.

9. நோட்டை முடித்தல்

முதல் அச்சின் 300 பிரதிகளில் முன்பதிவு 62, விழா 41, சென்னை 23, ஊரும் ஆலைக்காரர்களும் 88, கடைகளிலும் பதிப்பகத்தின் இணையத்திலும் 34. ஆக 248 விற்றன. முப்பது பிரதிகள் அன்பளிப்பும் மதிப்புரையும், மீதி 22. ஆண்டு முடிவில் பதிப்பகம் தரும் கணக்கை இப்படிப்பட்ட உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் சண்டை போடாமல், எந்தக் காட்சியில் எத்தனை பிரதி என்று தேதியோடு எழுதிக் கேளுங்கள். எனக்கு ஏழு பிரதிகள் கணக்கில் விடுபட்டிருந்தன. தேதியைச் சொன்னதும் சேர்த்துவிட்டார்கள்.

மறுபதிப்புக்கு அவசரப்பட வேண்டாம். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இருப்பதால் ஐம்பது, நூறு என்றுகூடப் போடலாம். அதற்கு முன் வாசகர்கள் சுட்டிய பிழைகளை ஒரு தாளில் தொகுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பதினான்கு சேர்ந்தன. பதின்மூன்று எழுத்துப்பிழைகள். பதினான்காவதை, பாய்லர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் திருப்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடுப்பில் தவிடு எரிவதாக எழுதியிருந்தேனாம். ‘தவிட்டைப் போட்டு எரிச்சா மொதலாளி சும்மா விடுவாராங்க? அது எண்ணெய்க்குப் போறது. எரிக்கறது உமி.’ மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் என் கண்ணில் படாத சொல். இரண்டாம் பதிப்பில் உமி என்று திருத்தி, அந்தப் பக்கத்தில் ஒரு காகிதக் கீற்றைச் செருகி, முதல் பிரதியை அவருக்கு அனுப்பினேன். பொட்டலம் 336 கிராம். வரி நீங்கலாக 25 ரூபாய்.